செயற்கைக் காலில் கண்ணுக்குத் தெரியாத விரிசல்

சென்ற ஆண்டு எங்கள் மறுவாழ்வு மருத்துவப் பிரிவுக்கு ஒருவர் வந்தார். முழங்காலுக்குக் கீழே செயற்கைக் கால் பொருத்தியவர்; தாம்பரம் ரயில் நிலையப் படிகளில் ஏறி இறங்கி நாள்தோறும் வேலைக்குச் செல்பவர். நடக்கும்போது குதிகாலில் ‘டக்’கென்று சத்தம் கேட்பதாகக் கூறினார். எங்கேனும் மோதியதா என்று கேட்டதும் தயங்கினார். இரண்டு வாரங்களுக்கு முன் படியில் தவறி, பாதம் கல் விளிம்பில் பலமாக இடித்திருந்தது. வெளியே கீறல்கூட இல்லை. வேலைக்குப் போகக் கூடாது என்று சொல்லிவிடுவோமோ என அஞ்சி, வீட்டாரிடமும் மறைத்துவிட்டார். ரப்பர் உறையைக் கழற்றினோம். உள்ளே கார்பன் அடுக்குகள் பிரிந்திருந்தன. இன்னும் சில நாள்களில் அது சாலை நடுவே முறிந்திருக்கலாம்.

கார்பன் இழைகளை அடுக்கடுக்காகப் பசையில் தோய்த்து இறுக்கிச் செய்வதே இந்தக் கலப்புப்பொருள். எடை குறைவு, வலிமை மிகுதி. டாக்டர் அப்துல் கலாம், ஏவுகணைக்கென உருவான இலேசான பொருளைக் கொண்டு, ஐதராபாத் நிம்ஸ் மருத்துவமனைக் குழந்தைகளுக்குக் காலிப்பர் செய்யச் செய்தார். 3 கிலோ எடை சுமார் 300 கிராமாகக் குறைந்ததை அவரே தம் உரைகளில் மகிழ்ச்சியுடன் நினைவுகூர்ந்துள்ளார்.

ஆனால் இப்பொருளுக்கு ஒரு குணம் உண்டு. இரும்பு அடிபட்டால் நசுங்கிக் காட்டிக்கொடுக்கும். இதுவோ மேற்பரப்பு பளபளப்பாக இருக்கும்போதே உள்ளே அடுக்குப் பிரியும். ஒவ்வோர் அடி வைக்கும்போதும் அப்பிரிவு வளரும்.

விமானத் துறையினர் இச்சிக்கலை நன்கு அறிவர். போயிங் 787 விமானத்தின் எடையில் ஏறத்தாழ பாதி கலப்புப்பொருளே. நெஞ்சில் விரலால் தட்டி நீர் கோத்திருப்பதை மருத்துவர் அறிவதுபோல, அவர்களும் தட்டிப் பார்ப்பர். மீயொலிக் கருவியாலும் சோதிப்பர். பொருளின் மீதே சிறு சென்சார்களை ஒட்டிவைக்கும் முறையும் உண்டு. ஒரு சென்சார் அனுப்பும் நுண் அதிர்வை மற்றவை பெறும். இடையே அடுக்குப் பிரிந்திருந்தால் அதிர்வு மாறி வரும். சென்னை ஐ.ஐ.டி.யில் இத்தகைய சிதைவிலாச் சோதனை ஆய்வுகளுக்கென ஒரு மையமே இயங்குகிறது.

நாங்கள் பொருத்தும் பாதங்களில் அந்தச் சென்சார்கள் இல்லை. ஆகவே உங்கள் காதும் கண்ணும் தோலுமே முதலில் உணர வேண்டும். கீழ்க்கண்டவற்றுள் ஒன்று தென்பட்டாலும் உடனே வாருங்கள்:

• புதிதாகக் கேட்கும் ‘டக்’ அல்லது கிறீச்சொலி
• பாதத்தின் துள்ளல் குறைதல், ஒரு பக்கம் சாய்வதுபோன்ற உணர்வு
• மேற்பரப்பில் வெண்திட்டு, மயிரிழை போன்ற கோடு
• எஞ்சிய காலில் புதிய சிவப்பு, கொப்புளம்

நீரிழிவால் உணர்ச்சி குறைந்தவர்களுக்கு வலி தெரியாது. குடும்பத்தினர் நாள்தோறும் இரவில் தோலைப் பார்த்துவிடுங்கள்.

பலமான இடி விழுந்தால், அறிகுறி இல்லாவிட்டாலும் பரிசோதிக்கும்வரை அந்தக் காலை ஊன்றாமல் ஊன்றுகோலைப் பயன்படுத்துங்கள். பட்டறையில் துளையிடவோ பசை ஒட்டவோ வேண்டாம். வரும்போது வழக்கமாக அணியும் காலணியையும் எடுத்து வாருங்கள்.

விழுந்ததைச் சொல்வதில் வெட்கம் வேண்டாம். அந்த நோயாளி இன்று மாற்றுப் பாதத்துடன் அதே படிகளில் ஏறி வேலைக்குச் செல்கிறார்.