போலாப் புயலும் ஒரு நாட்டின் பிரிவும்

இயற்கைப் பேரிடரில் உற்றாரை இழந்தவர்களின் துயரம் எப்போது அரசியல் சினமாக மாறுகிறது என்பதை அறிய, 1970 நவம்பர் 12ஆம் நாள் இரவு அன்றைய கிழக்குப் பாகிஸ்தானைத் தாக்கிய போலாப் புயலைவிடத் தெளிவான சான்று அரிது.

வங்காள விரிகுடாவின் வடமுனை புனல்போலக் குறுகி, ஆழமும் குறைந்திருப்பதால், புயற்காற்று தள்ளிவரும் நீர் பரவ இடமின்றி உயர்ந்து நிலத்துக்குள் பாய்கிறது. புயல் அலை எனப்படும் இந்தக் கடலெழுச்சி அன்று உயர் ஓதத்தோடு சேர்ந்துகொள்ள, ஆற்று வண்டல் படிந்து உருவான தாழ்ந்த தீவுகளில் உறங்கிக்கொண்டிருந்த உழவரும் மீனவரும் குடும்பம் குடும்பமாக அடித்துச் செல்லப்பட்டனர். இறந்தோர் 3 லட்சம் முதல் 5 லட்சம் பேர் என மதிப்பிடப்படுகிறது. பல குடும்பங்களில் இழப்பைச் சொல்லக்கூட ஒருவரும் மிஞ்சவில்லை.

பாகிஸ்தானின் மக்கள்தொகையில் கிழக்கில் வாழ்ந்த வங்காளிகளே பெரும்பான்மையினர் என்றாலும், தலைநகரும் படைத்தலைமையும் மேற்குப் பாகிஸ்தானிலேயே இருந்தன. தங்கள் சணல் ஈட்டித்தந்த அந்நியச் செலாவணி மேற்கிற்கே செலவாகிறது என்ற மனக்குறையும், 1952 மொழிப் போராட்டத்தில் மாணவர்கள் சுடப்பட்ட நினைவும் அவர்களிடம் ஆறாமல் இருந்தன. இந்நிலையில், சீனாவிலிருந்து திரும்பிய குடியரசுத் தலைவர் யாஹ்யா கான் அழிவை விமானத்திலிருந்து பார்வையிட்டார். மேற்கிலிருந்த ஹெலிகாப்டர்களைக் கொண்டுவர இந்தியா வான்வழி தரவில்லை என அரசு கூற, இந்தியா அதை மறுத்தது. இந்த வாதம் நடந்த நாள்களில் புதைக்க ஆளின்றிப் பிணங்கள் கரையில் கிடந்தன. தம் உயிருக்கு அரசு தரும் மதிப்பு இவ்வளவுதான் என்று மக்கள் முடிவுசெய்ததில் வியப்பில்லை. மௌலானா பாஷானி உள்ளிட்ட தலைவர்கள் அரசின் அலட்சியத்தை வெளிப்படையாகக் கண்டித்தனர்.

டிசம்பர் 7 பொதுத்தேர்தலிலும், புயல் பாதித்த தொகுதிகளில் பின்னர் நடந்த வாக்குப்பதிவிலுமாக, கிழக்கின் 162 பொதுத் தொகுதிகளில் 160ஐ அவாமி லீக் வென்றது. தன்னாட்சி கோரிய அதன் தலைவர் முஜிபுர் ரஹ்மானின் ஆறு அம்சத் திட்டத்துக்குப் புயலுக்கு முன்பே பேராதரவு இருந்ததால், வெற்றி முழுவதையும் புயலின் கணக்கில் எழுதுவது தவறு. ஆனால் தயங்கி நின்றோரின் தயக்கத்தைப் புயலுக்குப் பிந்தைய வாரங்கள் போக்கின. வென்றவர்களிடம் ஆட்சியை ஒப்படைக்காத யாஹ்யா கானின் ராணுவ அரசு, 1971 மார்ச் 25 இரவு டாக்காவில் படைகளை ஏவியது. அதைத் தொடர்ந்த போரின் முடிவில், டிசம்பர் 16 அன்று அப்படை சரணடைய, கிழக்குப் பாகிஸ்தான் வங்கதேசம் என்னும் தனி நாடானது.

விடுதலைக்குப் பின் வங்கதேசம் தன்னார்வலர்களைக் கொண்டு ஊர்தோறும் எச்சரிக்கை அமைப்பை உருவாக்கி, காலப்போக்கில் புயல் காப்பிடங்களையும் பெருக்கியது. 2007இல் அதே கடற்கரையைத் தாக்கிய கடும் புயலான சித்ரில் இறந்தோர் ஏறத்தாழ 3,400 பேர்.