புதன்கிழமை வரிசையும் ஐந்து பதிவேடுகளும்

தமிழ்நாட்டில் புதன்கிழமை என்றால் தடுப்பூசி நாள். ஆரம்ப சுகாதார நிலையத்திலும் துணை சுகாதார நிலையத்திலும் கைக்குழந்தைகளோடு தாய்மார்கள் காலையிலேயே வந்து உட்கார்ந்துவிடுவார்கள். ஊசி போட ஆவது சில விநாடிதான். அப்படியும் வரிசை ஏன் நகர்வதில்லை என்று கேட்டால் கூட்டம், ஆள் பற்றாக்குறை என்ற இரண்டு பதில்கள் தயாராக இருக்கும். இரண்டும் பொய்யல்ல. ஆனால் மேசைக்கு அந்தப் பக்கம் செவிலியரின் கையைக் கவனித்தால், அதில் சிரிஞ்சைவிடப் பேனா இருக்கும் நேரமே அதிகம் என்பது தெரியும். அதற்காகப் பதிவேடுகளை எல்லாம் தூக்கிப் போட்டுவிடலாம் என்று சொல்ல வரவில்லை. எழுதப்படும் ஒவ்வொரு வரியும் யாரோ ஒருவர் எடுக்கப்போகும் முடிவுக்குப் பயன்பட வேண்டும். பயன்படும் வரிகளிலும், ஊசி போடும் கையே அந்த நிமிடத்திலேயே எழுதியாக வேண்டியவை மிகக் குறைவு.

ஆறு வாரக் குழந்தையையே எடுத்துக்கொள்வோம். தேசியத் தடுப்பூசி அட்டவணைப்படி அன்று அதற்கு ஐந்து மருந்துகள். இடது தொடையில் பென்டாவேலன்ட், வலது தொடையில் நிமோகோக்கல், வலது மேல்கையில் தோலுக்குள் போலியோ ஊசி, வாயில் போலியோ சொட்டும் ரோட்டா வைரஸ் சொட்டும். இவற்றை முதலில் தாய் சேய் நல அட்டையில் எழுத வேண்டும். பிறகு அட்டையிலிருந்து கிழித்து நிலையத்தில் வைத்துக்கொள்ளும் பகுதியில். பிறகு தாய் சேய் நலப் பதிவேட்டில். பிறகு அன்றைய எண்ணிக்கைத் தாளில் மருந்துவாரியாகக் கோடு. கடைசியாகக் கணினியில் அல்லது கைப்பேசியில். ஐந்து மருந்து, ஐந்து இடம் என்றால் ஒரு குழந்தைக்கு இருபத்தைந்து பதிவு. நடுவே அட்டையைப் பார்த்து எந்தத் தவணை என்று உறுதி செய்வதும், இன்றைக்குப் போட்டது என்ன, காய்ச்சல் வந்தால் என்ன செய்வது, அடுத்து எப்போது வர வேண்டும் என்று தாய்க்குச் சொல்வதும் அதே ஆளின் வேலை. நேரம் போதாதபோது முதலில் சுருங்குவது தாயோடு பேசும் இந்தப் பேச்சுதான். பதிவேட்டில் கட்டம் காலியாக இருந்தால் மேலதிகாரி கேட்பார். பேச்சு குறைந்தால் கேட்க யாருமில்லை.

இருபத்தைந்தில் எது அவசியம்? அட்டையில் எழுதும் வரியைக் குறைக்கவே கூடாது. அது தாயின் கையில் இருக்கிறது. அடுத்த முறை வேறு ஊரில், வேறு செவிலியர் என்ன போட வேண்டும் என்பதை அது சொல்லும். குப்பியின் மேல் எழுதும் திறந்த நேரமும் அப்படியே. பிசிஜி, தட்டம்மை-ரூபெல்லா போன்ற தூளாக வரும் மருந்தைக் கரைத்தால் நான்கு மணி நேரத்துக்குள் பயன்படுத்த வேண்டும், மிஞ்சினால் கொட்டிவிட வேண்டும். பென்டாவேலன்ட் குப்பியை, நிபந்தனைகள் சரியாக இருந்தால், திறந்த பிறகும் 28 நாள் வரை வைத்திருந்து பயன்படுத்தலாம். கரைத்த தட்டம்மை மருந்து நேரம் கடந்தால் அதில் கிருமி பெருகி உயிருக்கே உலை வைக்கும். ஆகவே குப்பி மேல் எழுதும் அந்த ஒரு வரி மருத்துவத்தின் பகுதி. பேட்ச் எண்ணுக்கும் இதே மதிப்பு உண்டு. 2008 ஏப்ரலில் திருவள்ளூர் மாவட்டத்தில் தட்டம்மைத் தடுப்பூசி போடப்பட்ட நான்கு குழந்தைகள் இறந்தன. அதன் பிறகு தமிழ்நாட்டில் ஊருக்குள் போய் ஊசி போடும் முறையே நிறுத்தப்பட்டு, சுகாதார நிலையங்களுக்கு மாற்றப்பட்டது. இத்தகைய விபரீதம் நடந்தால் விசாரணைக்கு வருபவர் முதலில் கேட்பது எந்த பேட்ச், எப்போது திறந்தது, அதே குப்பியிலிருந்து வேறு யாருக்குப் போனது என்பதைத்தான்.

ஆனால் அதே பேட்ச் எண்ணை முப்பது குழந்தைகளின் பெயருக்கு எதிரே முப்பது முறை எழுதுவதால் அந்த விசாரணைக்குக் கூடுதலாக எதுவும் கிடைப்பதில்லை. அன்றைய தாளின் தலைப்பில் ஒரு முறை எழுதி, குப்பி மாறும் இடத்தில் ஒரு கோடு போட்டாலே யாருக்கு எது என்பது தெரிந்துவிடும். ஒரே செய்தியைத் திரும்பத் திரும்பப் படி எடுத்தால் பிழைதான் பெருகும். ஐந்து இடங்களும் ஒன்றுக்கொன்று முரண்பட்டால் எதை நம்புவது?

குறைவான எழுத்தில் பெரிய காரியம் நடந்ததற்கு நம் நாட்டிலேயே சான்று இருக்கிறது. போலியோ சொட்டு மருந்து முகாமில் ஆதார் கேட்கவில்லை, பெயர்கூடக் கேட்கவில்லை. சொட்டு விட்டதும் குழந்தையின் இடது சுண்டுவிரலில் மை வைத்தார்கள், தாளில் ஒரு கோடு போட்டார்கள். அடுத்து வீடு வீடாகப் போனவர்கள் எல்லாக் குழந்தைக்கும் கொடுத்துவிட்ட வீட்டுச் சுவரில் ‘பி’ என்றும், விடுபட்ட வீட்டில் ‘எக்ஸ்’ என்றும் எழுதினார்கள். எக்ஸ் என்றால் மறுபடி போக வேண்டும். அந்தக் குறி அந்த வாரத்திலேயே ஒரு ஆளை ஒரு வீட்டுக்கு அனுப்பியது. 2011 ஜனவரிக்குப் பிறகு இந்தியாவில் இயற்கையாகப் பரவும் போலியோ இல்லை. 2014 மார்ச் 27-இல் உலக சுகாதார நிறுவனத்தின் சான்றும் கிடைத்தது.

இதை அப்படியே எல்லாத் தடுப்பூசிக்கும் பொருத்த முடியாது என்று சுகாதாரத் துறையினர் சொல்வார்கள். சரியான மறுப்பு. போலியோ சொட்டு ஒரு முறை கூடுதலாகப் போனாலும் கெடுதல் இல்லை, அதனால் இன்று கொடுத்தாயிற்றா என்ற ஒரே கேள்வி போதும். பென்டாவேலன்டுக்குத் தவணைகளுக்கு நடுவே நான்கு வார இடைவெளி வேண்டும், முந்தைய தேதி தெரிந்தாக வேண்டும். இந்த மறுப்பு என் வாதத்துக்குத்தான் வலு சேர்க்கிறது. எந்த முடிவுக்கு எவ்வளவு செய்தி தேவையோ, அவ்வளவே பதிவு இருக்கட்டும்.

கோவிட் காலம் வேறு இரண்டு பாடங்களைத் தந்தது. 2021 ஜனவரி 16-இல் தடுப்பூசி தொடங்கியபோது ஓர் அமர்வுக்கு நூறு பேர் வரை, ஐந்து பேர் கொண்ட குழு என்று மத்திய அரசின் வழிகாட்டுதல் வகுத்தது. வாசலில் ஒருவர், அடையாளம் சரிபார்க்க ஒருவர், கூட்டத்தையும் அரை மணி நேரக் கண்காணிப்பு அறையையும் பார்த்துக்கொள்ள இருவர். ஊசி போடுபவருக்கு ஊசி மட்டுமே வேலை. பெரியவர்களுக்கு இப்படி ஏற்பாடு செய்ய முடிந்த அதே துறையில்தான், வீறிட்டு அழும் கைக்குழந்தைக்கு மூன்று இடத்தில் குத்தும் வேலையும் இருபத்தைந்து பதிவும் ஒரே பெண்மணியின் தலையில் விழுகின்றன. இரண்டாவது பாடம் கசப்பானது. மே 1 முதல் 18 வயதிலிருந்து 44 வயது வரையுள்ளவர்களுக்கு கோவின் தளத்தில் முன்பதிவு கட்டாயம் என்றார்கள். கைப்பேசியும் இணையமும் ஆங்கிலமும் கைவந்தவர்கள் முந்திக்கொண்டார்கள். மே 24-இல் அரசு மையங்களில் நேரடிப் பதிவுக்கு வழி விட்டார்கள். மே 31 உத்தரவில் உச்ச நீதிமன்றமும் இந்த டிஜிட்டல் ஏற்றத்தாழ்வைச் சுட்டிக்காட்டியது.

பதிவைத் தளர்த்தினால் மோசடி பெருகும் என்ற அச்சமும் உண்டு. அதற்கும் கோவினே பதில். முன்பதிவு செய்துவிட்டு மையத்துக்கே போகாதவர்கள் சிலருக்கு, உங்களுக்கு ஊசி போடப்பட்டது என்று குறுஞ்செய்தி வந்தது. செலுத்துபவர் தவறாகப் பதிந்ததே காரணம் என்று கண்டு, மே 8 முதல் நான்கு இலக்க ரகசிய எண்ணைச் சேர்த்தார்கள். அதாவது ஒரு பதிவின் பிழையைத் திருத்த இன்னொரு பதிவு வந்து சேர்ந்தது. பெயர்ப் பட்டியலில் டிக் அடிப்பது ஊசி போடும் நொடியிலிருந்து விலகும்போது இந்தப் பிழை வரும் என்பது என் கணிப்பு. ஆகவே குழந்தையின் பெயர், பிறந்த தேதி, வர வேண்டிய தவணை எல்லாவற்றையும் செவ்வாய்க்கிழமையே எழுதி வைத்துக்கொள்ளலாம். அதற்கென்றே வரவேண்டியவர்கள் பட்டியல் ஒன்று இருக்கிறது. தமிழ்நாட்டில் பிறப்புச் சான்றிதழுக்கே கேட்கப்படும் 12 இலக்கத் தாய் சேய் எண்ணும் கர்ப்பக் காலத்திலேயே கொடுக்கப்பட்டுவிடுகிறது. ‘போட்டாயிற்று’ என்பதை மட்டும் ஊசிக்கு முன்பு எழுதவே கூடாது. போட்ட பிறகு குழந்தை அரை மணி நேரம் அங்கேயே இருக்கத்தான் போகிறது. அட்டையை முடித்துக் கையில் கொடுக்கவும் கணினியில் ஏற்றவும் அந்த நேரம் தாராளம். அங்கே ஒரு நாற்காலியும், எழுதத் தெரிந்த இன்னொருவரும் வேண்டும். அங்கன்வாடிப் பணியாளராகவும் இருக்கலாம்.

ஆளைக் கூட்டினால் போதாதா என்பவர்களுக்கு ஒரு வார்த்தை. கூட்டத்தான் வேண்டும். ஆனால் வரும் புது ஆளும் ஆறாவது பதிவேட்டை எழுத உட்கார்ந்துவிட்டால் வரிசை நகராது. 2024 அக்டோபரில் நாடு முழுவதற்குமாகத் தொடங்கப்பட்ட யூ-வின் என்ற தடுப்பூசிப் பதிவுத் தளம் எல்லாவற்றையும் சரி செய்துவிடும் என்பதும் பாதி உண்மை. அது காகிதப் பதிவேட்டின் இடத்தைப் பிடித்தால் சுமை குறையும், பக்கத்தில் வந்து உட்கார்ந்தால் கூடும். நம் அலுவலகங்களில் புதுப் பதிவேடு திறக்கச் சொல்லி வரும் சுற்றறிக்கைகள் ஏராளம். பழையதை மூடச் சொல்லி வந்தது ஏதாவது உண்டா?

யூ-வினுக்குச் சிக்னல் தேடிச் செலவிடும் நேரம் வீணல்ல என்று சொல்லக்கூடிய இடமும் இதே திருவள்ளூர் மாவட்டத்தில் இருக்கிறது. அங்குள்ள செங்கல் சூளைகளுக்கு ஒடிசாவிலிருந்து குடும்பங்கள் வருகின்றன, வேலை முடிந்ததும் திரும்புகின்றன. அட்டை ஒடியாவில் இருக்கும், அல்லது ஊரிலேயே தங்கிவிட்டிருக்கும். முந்தைய தவணையை எந்த மாநிலத்திலிருந்தும் பார்க்கும் வசதி இந்தக் குழந்தைகளுக்குத்தான் மற்ற எவரையும்விட அவசியம். எண் கிடைக்கவில்லை, ஓடிபி வரவில்லை என்றாலும் திருப்பி அனுப்ப வேண்டியதில்லை. தவணை தவறிய குழந்தைக்கு முதலிலிருந்து தொடங்கத் தேவையில்லை, விட்ட இடத்திலிருந்து தொடரலாம் என்பதே நடைமுறை விதி. தாயிடம் கேட்டு, வயதுக்கு உரியதைப் போட்டு, புது அட்டை ஒன்றை எழுதிக் கொடுத்துவிட்டு, எண்ணைப் பிறகு தேடிக்கொள்ளலாம்.