உங்களுக்குத் தெரியுமா? கரண்டி முதல் லாரிக் கண்ணாடி வரை

பெரம்பலூர் பஸ் ஸ்டாண்டு பக்கம் ஏதாவது ஓட்டலில் உட்கார்ந்து, இட்லி வருவதற்குள் செய்து பார்க்கலாம். பளபளக்கும் எவர்சில்வர் ஸ்பூனின் குழிந்த பக்கத்தில் உங்கள் முகம் தலைகீழாகத் தெரியும். எவ்வளவு கிட்டே கொண்டுவந்தாலும் நிமிராது. மூக்கில் இடிக்கும், அவ்வளவுதான். இப்போது விரல் நுனியைக் குழியின் நடுவில் ஒட்டினாற்போல் வையுங்கள். விரல் நிமிர்ந்து, பெருத்துத் தெரியும். மெல்லப் பின்னுக்கு இழுத்தால் ஓரிடத்தில் பிம்பம் கலைந்து குழம்பி, அப்புறம் கவிழ்ந்துகொள்ளும். அந்த இடத்தை ஒட்டித்தான் குவியம் இருக்கிறது. ஸ்பூனுக்கு அது சில சென்டிமீட்டர்தான். முகம் அதற்குள் நுழைய வழியே இல்லை. சவரக் கண்ணாடியும் குழியாடிதான். ஆனால் வளைவு மிகக் குறைவு, குவியம் தள்ளிப்போகிறது, முகம் உள்ளே அடங்கிவிடுகிறது.

★

தேர்வில் மார்க் போகிற இடம்: குவிலென்ஸ் ஒளியைக் குவிக்கும், குவியாடி விரிக்கும். ஒளியைக் குவிக்கும் ஆடி குழியாடி. பெயரிலுள்ள ‘குவி’ வடிவத்தைச் சொல்கிறது, வேலையை அல்ல. தமிழ்வழியில் படித்த பலரும் ஒருமுறையாவது இதில் வழுக்கியிருப்போம்.

★

அரியலூர்ச் சாலைகளில் சுண்ணாம்புக்கல் லாரிகளுக்குப் பஞ்சமில்லை. அவற்றின் பக்கவாட்டில் துருத்திக்கொண்டிருக்கும் குவியாடியைக் கொஞ்சம் கணக்குப் போட்டுப் பார்ப்போம். வளைவு ஆரம் 1.2 மீட்டர் என்று வைத்துக்கொண்டால், குவியத் தொலைவு அதில் பாதி, 60 சென்டிமீட்டர். பின்னால் 12 மீட்டரில் 3 மீட்டர் உயர லாரி ஒன்று வருகிறது. அதன் பிம்பம் கண்ணாடிக்குப் பின்னே 57 சென்டிமீட்டரில் விழும். உயரம் 14 சென்டிமீட்டர். லாரி ஒரு கிலோமீட்டர் பின்தங்கினாலும் பிம்பம் அந்த 60 சென்டிமீட்டரைத் தாண்டாது. முழுச் சாலையும் முக்கால் மீட்டருக்குள் சுருட்டி வைக்கப்பட்டிருக்கிறது!

ஆனால் டிரைவரின் கண் பிம்பத்தின் தூரத்தை அளப்பதில்லை, பருமனைப் பார்த்துத்தான் தூரத்தை ஊகிக்கிறது. கண்ணாடியிலிருந்து ஒரு மீட்டர் தள்ளி உட்கார்ந்திருப்பவருக்கு அந்த லாரி முப்பது மீட்டருக்கும் அப்பால் வருவதுபோல் தோன்றும். பல கார்களின் கண்ணாடியில், தெரிவதைவிட வண்டி கிட்டே இருக்கிறது என்று பொடி எழுத்தில் எச்சரிக்கை இருப்பது இதனால்தான். சமதளக் கண்ணாடி தூரத்தைச் சரியாகக் காட்டும், பக்கத்தில் வரும் டூ வீலரைக் காட்டாமல் விட்டுவிடும். எது மேல் என்று நால்வழிச் சாலையில் ஒருநாள் வண்டி ஓட்டியவரைக் கேளுங்கள்.

★

ஆரோவில்லின் சோலார் கிச்சன் கூரையில் 15 மீட்டர் விட்டமுள்ள குழியாடிக் கிண்ணம் ஒன்று இருக்கிறது. சூரியன் நகர்ந்தாலும் கிண்ணம் அசையாது. கோளத்தின் உட்புறம் எந்தத் திசைக்கும் ஒரே மாதிரிதான். ஆகவே வெப்பத்தை வாங்கும் குழாய் மட்டும் வெயிலோடு திரும்பினால் போதும். கிடைக்கும் நீராவியில் சாதம் வேகும்.

★

ஜவ்வாது மலையில், காவலூரில், 1986 முதல் இயங்கும் வைணு பாப்பு தொலைநோக்கியின் குழியாடி 2.34 மீட்டர் அகலம். குவியத் தொலைவு சுமார் ஏழரை மீட்டர். நிலாவை நோக்கித் திருப்பினால் குவியத்தில் விழும் பிம்பம் 7 சென்டிமீட்டர்: ஒரு சின்னப் பூரி அளவு. மாயபிம்பம் அல்ல; காகிதம் பிடித்தால் அதன்மேலேயே விழும் மெய்பிம்பம்.

★

ஒரு விளக்கு, ஒரு கண், நடுவே ஒரு கோளக் கண்ணாடி. அதன் எந்தப் புள்ளியில் பட்டு ஒளி கண்ணுக்கு வரும்? கேட்கச் சுலபம், விடை காண்பது பெரும்பாடு. கூம்பு வெட்டு வளைவுகளைக் கொண்டு இதை அவிழ்த்தவர் இப்னு அல்-ஹைதம். அவர் கெய்ரோவில் ஒளியியல் நூலை எழுதிக்கொண்டிருந்த அதே காலத்தில்தான், 1014-இல் முழு அரசுரிமை பெற்றார் ராஜேந்திர சோழன். இன்றைய அரியலூர் மாவட்டத்தில் கங்கைகொண்ட சோழபுரத்தை எழுப்பியவர்.