காசிரங்காவைக் காத்த காவல்

அஸ்ஸாம் மாநிலத்திலே, பிரம்மபுத்திரா நதியின் தென்கரையில், யானையையும் மறைக்கும் உயரத்துக்கு நாணலும் கோரையும் மண்டிக் கிடக்கும் ஒரு தாழ்ந்த சமவெளியைக் காண்பதற்கென்று பல தேசத்து ஜனங்களும் ஆண்டுதோறும் வந்து கூடுவதற்குக் காரணம் யாது என்று ஆராயப் புகுந்தால், ஒற்றைக்கொம்புக் காண்டாமிருகம் என்ற விடை உடனே கிடைத்துவிடும். ஆயினும் அது பாதி விடைதான். ஒரு காலத்தில் சிந்து, கங்கை நதி தீரங்களிலும் திரிந்த அந்தப் பிராணி, பெரும்பாலான இடங்களில் பூண்டற்றுப் போயிருக்க, காசிரங்காவில் பல்கிப் பெருகி நிற்பது நூறாண்டுக் காவலின் பலன். பிரயாணிகளை இழுத்து வருவது அந்தக் காவலே என்பது என் துணிபு.

இருபதாம் நூற்றாண்டு பிறந்த சமயத்தில், வேட்டை விநோதத்தில் திளைத்த துரைமார்களின் துப்பாக்கிக்கும், கொம்பின் விலைக்கு ஆசைப்பட்டவர்களின் கொலைத் தொழிலுக்கும் தப்பி, விரல்விட்டு எண்ணத்தக்க சில காண்டாமிருகங்களே இங்கு மிஞ்சியிருந்தன. 1904-இல் வைசிராய் கர்ஸன் பிரபுவின் மனைவியார் இந்தப் பக்கம் வந்தபோது, காலடித் தடங்களைக் கண்டாரேயன்றி மிருகத்தைக் காணவில்லை என்றும், அந்த வருத்தத்தால் கணவரிடம் வற்புறுத்திச் சொன்னார் என்றும் ஒரு வரலாறு வழங்குகிறது. மறு ஆண்டு தொடங்கிய ஏற்பாடு 1908-இல் காப்புக் காடாக முடிந்தது. பார்வையாளருக்குக் கதவு திறந்ததோ 1938-இல்தான். முப்பது வருஷம் காத்துவிட்டுப் பிறகே விருந்தினரை அழைத்தார்கள் என்ற இந்த வரிசை மிகவும் முக்கியமானது; இன்று பல ஊர்களில் விடுதியை முதலில் கட்டிவிட்டு வனத்தைப் பிறகு தேடுகிறோம். 1974-இல் தேசியப் பூங்காவாகவும், 1985-இல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியத் தலமாகவும் இது கௌரவம் பெற்றது.

பனி முற்றும் விலகாத காலை வேளையில், திறந்த ஜீப்பிலோ யானையின் முதுகிலோ புல்வெளிக்குள் செல்கிறவர்களுக்கு, சாம்பல் நிறப் பாறையொன்று அசைவதுபோல முதலில் ஒரு முதுகு தெரியும். அருகே நெருங்க நெருங்க, மடிப்பு மடிப்பாகக் கவசம் பூட்டிய தோலும், அதன்மேல் நிறைந்த குமிழ்களும், மேல் உதட்டால் புல்லை வளைத்துப் பற்றி இழுக்கும் நிதானமும் புலனாகும். அதன் முதுகிலே ஒரு மைனா கூச்சமின்றி உட்கார்ந்து பூச்சி பொறுக்கிக்கொண்டிருக்கும். மனிதனுக்கு அஞ்சி ஓடாமல் அது மேய்ந்துகொண்டிருப்பதைக் கண்ணாரக் காண்கையில், அந்த அச்சமின்மையைத் தேடித் தந்தவர்கள் மழையிலும் இருளிலும் காவற்குடில்களில் கிடக்கும் வனக்காவலர்கள் என்பதை நினையாமலிருக்க முடியாது.

மழைக்காலத்தில் பூங்காவை மூடிவிடுகிறார்கள். அப்போது பிரம்மபுத்திரா கரைபுரண்டு உள்ளே புகுந்து, மிருகங்களுக்குப் பெருந்துன்பம் விளைவித்தாலும், புதிய வண்டலைப் பரப்பி, ஏரிகளை நிரப்பிப் புல்வெளிக்கு மறுபிறவி அளிக்கிறது. மேட்டைத் தேடித் தெற்கே கார்பி மலைகளுக்குச் செல்லும் மிருகங்கள் இடையிலுள்ள நெடுஞ்சாலையைக் கடக்கவேண்டியிருப்பதால், வாகனங்கள் புகும் நேரத்தைச் சீட்டில் குறித்துக் கொடுத்து, மறுமுனையை எப்போது அடைந்தன என்று பார்த்து, வேகமாக ஓட்டியவர்களைக் கண்டுபிடிக்கிறார்கள்.

2021 செப்டம்பர் 22 அன்று, அரசாங்கக் கருவூலங்களில் பல்லாண்டுகளாகச் சேர்ந்திருந்த 2,479 கொம்புகளை, அருகிலுள்ள போகாகாட்டில் பகிரங்கமாகத் தீயிட்டு எரித்தார்கள். கொம்பு உயிருள்ள மிருகத்தின்மேல் இருந்தாலன்றி அதற்கு மதிப்பே இல்லை என்று உலகுக்கு அறிவித்த செயல் அது. மறு ஆண்டுக் கணக்கெடுப்பில் காசிரங்காவின் காண்டாமிருகங்கள் 2,613. ஆயினும், ஜீப் ஓட்டுகிறவனுக்கும் விடுதிக்காரனுக்கும் கிடைக்கும் வருமானத்தில், விளைந்த நெல்லைக் காட்டுயானைக்குப் பறிகொடுக்கும் எல்லையோரக் குடியானவனுக்கு உரிய பங்கு சேர்ந்தாலன்றி இந்தக் காவல் நெடுநாள் நிலைக்காது.

போக விரும்புகிறவர்கள் நவம்பர் முதல் ஏப்ரல் வரையுள்ள மாதங்களில் குவாஹாத்தி வழியாகச் செல்லலாம். கூட்டம் பெரும்பாலும் கோஹோரா, பாகோரி சரகங்களிலேயே மொய்க்கும். நீர்ப்பறவைகளில் ஈடுபாடுள்ளவர்கள் கிழக்கேயுள்ள அகரதோலிக்கு ஒரு பொழுதை ஒதுக்கிவைப்பது நலம்.