பிடிக்க ஒன்று, திருக ஒன்று

பத்தமடை என்றதும் எவருக்கும் முதலில் நினைவுக்கு வருவது பாய்தான். தாமிரபரணிக் கரையில் விளையும் கோரையை ஓடும் நீரில் ஊறவைத்து, உலர்த்தி, மெல்லிய இழையாகக் கிழித்து, பருத்தி நூலையோ பட்டு நூலையோ பாவாக இட்டு நெய்யப்படும் அப்பாய்க்கு இன்று புவிசார் குறியீடும் கிடைத்திருக்கிறது. அதே ஊரில் கன்னடியன் கால்வாய் நீரை நம்பி நெல்லும் வாழையும் பயிரிடும் விவசாயிகளும் இருக்கின்றனர். இவ்விரு சாராருக்கும் பொதுவாக உள்ள மூலதனம் இரண்டு. ஒன்று நீர், மற்றொன்று கை. இவ்விரண்டையும் காக்கவும் கெடுக்கவும் வல்ல ஒரு சிறு கருவியைப் பற்றி நமது அங்கத்தினர்களுக்குச் சில விஷயங்களைச் சொல்ல விரும்புகிறோம். குழாயோடு கப்ளிங்கைப் பொருத்தப் பயன்படும் பைப் ரெஞ்சுதான் அக்கருவி.

கால்வாயில் நீர் ஓடும் காலத்தில் குழாயைப் பற்றிய கவலை அதிகம் இராது. கால்வாய் அடைபட்டதும் கிணற்றையும் ஆழ்துளைக் கிணற்றையும் நாடுகிறோம். கோரைக்குச் சாயம் ஏற்றும் வீட்டிலும் தொட்டிக்கு நீர் வருவது பெரும்பாலும் குழாய் வழியேதான். துத்தநாகம் பூசிய இரும்புக் குழாய், அதாவது நாம் ஜி.ஐ. குழாய் என்று வழங்குவது, ஏறக்குறைய ஆறு மீட்டர் நீளத்தில் விற்கப்படுகிறது. நூறு மீட்டர் தூரம் நீரைக் கொண்டுசெல்ல 17 குழாய்கள் வேண்டும். அவற்றை இணைக்க 16 கப்ளிங்குகள் தேவை. ஒவ்வொரு கப்ளிங்கிலும் இருபுறமும் மரை உண்டாதலால், மொத்தம் 32 இடங்களில் மரையோடு மரை பொருந்த வேண்டும். இந்த 32 இடங்களில் ஒன்று சரியில்லை என்றாலும் குழாய் வரிசை முழுவதும் குறையுடையதே.

ஒரு கப்ளிங்கில் நொடிக்கு ஒரு துளி கசிகிறதென்று வைத்துக்கொள்வோம். இருபது துளி ஒரு மில்லிலிட்டர் என்று கொண்டால், ஒரு நாளைக்கு நான்கு லிட்டருக்கு மேல் வீணாகும். மாதம் ஒன்றுக்கு 130 லிட்டர். கண்ணுக்குத் தெரியும் இக்கசிவைவிடப் பொல்லாதது கண்ணுக்குத் தெரியாத கசிவு. மோட்டார் பம்பு நீரை உறிஞ்சும் பக்கத்துக் குழாயில் இணைப்பு தளர்ந்திருந்தால் ஒரு சொட்டு நீரும் வெளியே வராது. அதற்கு மாறாகக் காற்று உள்ளே புகும். மோட்டார் ஓடிக்கொண்டே இருக்கும், நீரோ ஏறாது. பம்பு பழுதென்று கருதி அதைக் கழற்றிப் பட்டறைக்குத் தூக்கிச் செல்பவர் பலர். அப்படிச் செய்யுமுன் மோட்டாரை ஓடவிட்டு, உறிஞ்சு குழாயின் ஒவ்வொரு இணைப்பிலும் சோப்பு நுரையைத் தடவிப் பார்க்க வேண்டும். எந்த இடத்தில் நுரை உள்ளே இழுக்கப்படுகிறதோ, அந்த இடமே குற்றவாளி.

கருவி பிறந்த வரலாறு

உருண்டையான குழாயைப் பற்றித் திருப்புவது எளிதன்று. சதுரமான நட்டை ஸ்பானர் பிடித்துக்கொள்ளும். குழாயிலோ அது வழுக்கும். முற்காலத்தில் கொல்லர்கள் பலவகை இடுக்கிகளைக் கொண்டு இதைச் சமாளித்தனர். அமெரிக்காவில் மாசசூசெட்ஸ் மாநிலத்து வால்வர்த் கம்பெனியில் பணியாற்றிய டேனியல் ஸ்டில்சன் என்ற தொழிலாளர் புதியதொரு வழியைக் கண்டார். முதலில் மரத்தைச் செதுக்கி மாதிரி ஒன்று செய்து காட்டினார். அதை இரும்பில் செய்து, குழாய் முறுகி ஒடிகிறதா, கருவி உடைகிறதா என்று சோதித்துப் பார்க்குமாறு கம்பெனியார் கூறினர். ஒடிந்தது குழாயே. 1869-ஆம் ஆண்டில் அவர் பெயரில் காப்புரிமை வழங்கப்பட்டது. அதன் பயனாக ஏறத்தாழ 80,000 டாலர் உரிமைத்தொகை அவருக்குக் கிடைத்ததாகக் கூறுவர். ஒரு தொழிலாளியின் கையில் பிறந்த யோசனை இன்று உலகெங்கும் தொழிலாளிகளின் கையில் இருக்கிறது. நமது நாட்டில் இதற்கென ஐ.எஸ். 4003 என்னும் இந்தியத் தரநிர்ணயமும் உண்டு. வாங்கும்போது அம்முத்திரையைப் பார்த்து வாங்குவது நலம்.

பிடிக்கும் விதம்

இக்கருவிக்குத் தாடைகள் இரண்டு. கீழ்த்தாடை கைப்பிடியோடு அசையாமல் நிற்பது. மேல்தாடை கொக்கி வடிவமுள்ளது. திருகு வளையத்தைச் சுழற்றி அதை ஏற்றவும் இறக்கவும் செய்யலாம். புதிதாக வாங்குபவர் மேல்தாடை சற்று ஆடுவதைக் கண்டு, இது மட்டமான சரக்கு என்று திருப்பிக் கொடுக்க எண்ணுவதுண்டு. உண்மையில் கருவியின் உயிரே அந்த ஆட்டத்தில்தான் இருக்கிறது. கைப்பிடியை இழுக்கும்போது மேல்தாடை சாய்ந்து குழாயை அழுத்துகிறது, இழுக்க இழுக்கப் பிடி இறுகுகிறது, விட்டவுடன் தளர்கிறது. ஆகவே திறந்த வாய் எந்தப் பக்கம் நோக்குகிறதோ, அந்தப் பக்கமாகவே திருப்ப வேண்டும். எதிர்ப்பக்கம் திருப்பினால் வழுக்கிவிடும்.

மற்றொரு விஷயம். குழாயைத் தாடையின் உட்புற முதுகில் முட்டும்படி நுழைக்கலாகாது. முதுகுக்கும் குழாய்க்கும் இடையே ஒரு விரற்கடை இடைவெளி இருக்கவேண்டும். அப்போதுதான் பற்கள் இரு பக்கமும் சரியாகப் பதியும்.

மரையின் கணக்கு

மரைகள் ஒரே அளவில் இருக்கவேண்டும் என்று 1841-ஆம் ஆண்டிலேயே இங்கிலாந்தில் ஜோசப் விட்வொர்த் என்னும் பொறியாளர் வற்புறுத்தினார். அவர் வகுத்த 55 பாகைக் கோணமே இன்றும் நமது ஜி.ஐ. குழாயின் மரையில் இருக்கிறது. அரை அங்குலக் குழாய்க்கும் முக்கால் அங்குலக் குழாய்க்கும் அங்குலத்துக்கு 14 மரைகள்; ஒரு அங்குலம் முதல் அதற்கு மேற்பட்ட குழாய்களுக்கு 11 மரைகள். அங்குலத்தில் எட்டில் ஒரு பங்கைத் தச்சரும் குழாய் வேலைக்காரரும் ஒரு ‘நூல்’ என்பார்கள். பாய்க்கு நூல் எண்ணிப் பழகிய நமது நெசவாளருக்கு இக்கணக்கு சிரமமாக இராது.

குழாயின் மரை நுனியில் ஒடுங்கி, உள்ளே செல்லச் செல்ல 16-க்கு 1 என்ற விகிதத்தில் பருக்கிறது. முதலில் கையாலேயே எளிதாகச் சுழலும் கப்ளிங் பின்னர் இறுகுவது இதனாலேயே. அந்த இறுக்கமே நீரைத் தடுக்கிறது. இன்னும் திருப்பினால் இன்னும் நன்றாகத் தடுக்கும் என்று எண்ணுவது பிழை. அளவுக்கு மேல் முறுக்கினால் கப்ளிங் விரிந்து வெடிக்கும். மஞ்சள் கோடிட்ட குழாய் மெல்லியது. நீலக் கோடிட்டது நடுத்தரம். சிவப்புக் கோடிட்டது கனமானது. மஞ்சள் குழாயில் மரை வெட்டிய பின் எஞ்சும் தகடு மிகவும் மெல்லியதாதலால் அதனிடம் கூடுதல் நிதானம் வேண்டும்.

பொருத்தும் முறை

முதலில் மரையில் உள்ள மண்ணையும் இரும்புத் தூளையும் கம்பித் தூரிகையால் துடைக்கவேண்டும். அதன்பின் டெப்லான் நாடாவை, மரையின் நுனி நம்மை நோக்கியிருக்கும்போது கடிகார முள் சுற்றும் திசையில், நுனியில் ஒரு மரையை விட்டுச் சுற்றவேண்டும். எதிர்த்திசையில் சுற்றிய நாடா கப்ளிங் ஏறும்போது சுருண்டுவிடும். பிறகு கப்ளிங்கைக் கையாலேயே மூன்று நான்கு சுற்று ஏற்றவேண்டும். முதற்சுற்றிலேயே முரண்டினால் மரை கோணிவிட்டதென்று பொருள். கழற்றி மீண்டும் தொடங்குவதே முறை. கை நின்ற இடத்திலிருந்து ரெஞ்சினால் இரண்டு அல்லது மூன்று சுற்று போதும். வெளியே ஓரிரு மரை தெரிய நிற்கட்டும். நேராக்குவதற்காகச் சற்றே பின்னுக்குத் திருப்புவது அறவே கூடாது. திருப்பிவிட்டால் நாடா அறுபட்டிருக்கும். கழற்றிப் புதிதாகச் சுற்றியாகவேண்டும்.

இங்கேதான் நமது தலைப்பின் பொருள் விளங்கும். வரிசையில் அடுத்த குழாயைப் பொருத்தும்போது ஒரே ரெஞ்சைக் கொண்டு அக்குழாயை மட்டும் திருப்பினால், கப்ளிங்கும் சேர்ந்து திரும்பும். ஏற்கெனவே அளவாக இறுகியிருந்த மறுபக்கம் அளவு மீறி இறுகும். பழைய குழாயைக் கழற்றும்போது இவ்வாறு செய்தால், நாம் தொடாத இணைப்பு எங்கோ தளரும். மண்ணுக்கடியில் உள்ள அந்த இடத்தில் கசிவு சில நாள் கழித்தே தெரியவரும். ஆகையால் ஒரு ரெஞ்சு கப்ளிங்கை அசையாமல் பிடிக்கவேண்டும். மற்றொன்று குழாயைத் திருப்பவேண்டும். இருவர் அமர்ந்து நெய்யும் பாய்த்தறியில் ஒருவர் கோரையைக் கொடுக்க, ஒருவர் அச்சை அடிப்பதைப் போன்றது இது. ஒருவரின் அவசரம் மற்றவரின் வேலையைக் கெடுக்கும்.

கையைக் காத்தல்

ரெஞ்சு வழுக்கினால் விரல் முட்டி சுவரிலோ கிணற்றுக் கல்லிலோ மோதும். விரல் வீங்கிய நெசவாளர் நேர்த்தியான பாயில் கோரை கொடுக்க முடியாது. அவருக்கு அது வேலையில்லாத வாரம். எனவே கைப்பிடியை வெளியே தள்ளாமல் நம்மை நோக்கி இழுப்பதே நல்லது. தள்ளித்தான் ஆகவேண்டுமானால் விரல்களை மடக்காமல் உள்ளங்கையால் தள்ளவேண்டும். பலம் போதவில்லை என்று கைப்பிடியில் நீளக் குழாயைச் செருகி முறுக்குவது ஆபத்தான வழக்கம். நீளம் இரட்டித்தால் திருப்பு விசையும் இரட்டிக்கும்; கருவியோ அதற்கென்று செய்யப்பட்டதன்று. ஒரு அங்குலக் குழாய் வரை 10 அங்குல ரெஞ்சும், ஒன்றரை அங்குலம் வரை 14 அங்குல ரெஞ்சும், இரண்டு அங்குலம் வரை 18 அங்குல ரெஞ்சும் ஏற்றவை. பற்களில் எண்ணெய்ப் பிசுக்கு இருக்கலாகாது; திருகு வளையத்துக்கு மட்டும் ஒரு சொட்டு எண்ணெய் இடலாம்.

பி.வி.சி. குழாய்க்கு இந்தப் பற்கள் பகையே. அதை ஒட்டும் பசையால் இணைக்கும் இடத்தில் ரெஞ்சுக்கு வேலையே இல்லை. மரையுள்ள எம்.டி.ஏ., எப்.டி.ஏ. இணைப்புகளைக் கையால் இறுக்கி, அதன்பின் ஓரிரு சுற்று திருப்பினால் போதும். அதற்கும் பற்களில்லாத வார் ரெஞ்சே தகுந்தது. பெரிய குழாய்களுக்கும் ஆழ்துளைக் கிணற்றின் இரும்புக் குழாய்களுக்கும் சங்கிலி ரெஞ்சு உதவும்.

சங்கம் செய்யத்தக்கது

இவ்வளவையும் படித்தபின், “ஒரு ரெஞ்சுக்கே வழியில்லை, இரண்டுக்கு எங்கே போவது?” என்று அங்கத்தினர் கேட்பது நியாயமே. ஆண்டில் நான்கு நாள் மட்டும் தேவைப்படும் கருவியை ஒவ்வொருவரும் தனித்தனியே வாங்குவது வீண் செலவு. வாங்காமல் ஸ்பானரையும் இடுக்கியையும் கொண்டு சமாளிப்பது அதைவிடப் பெரிய செலவு. இத்தகைய இடத்துக்கென்றே கூட்டுறவு ஏற்பட்டது. நமது மாநிலத்தில் தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுச் சங்கங்கள் பல, வேளாண் கருவிகளை வாடகைக்கு அளித்துவருகின்றன. உழுவை எந்திரம் வாடகைக்குக் கிடைக்கும் இடத்தில் குழாய்க் கருவிகளும் கிடைக்கலாகாதா?

ஒரு சங்கத்துக்கு 14 அங்குல ரெஞ்சு இரண்டு, 18 அங்குல ரெஞ்சு இரண்டு, சங்கிலி ரெஞ்சு ஒன்று, வார் ரெஞ்சு ஒன்று, மரை வெட்டும் டை செட் ஒன்று, கம்பித் தூரிகை ஒன்று இருந்தால் தொடக்கத்துக்குப் போதுமானது. எடுத்துச் செல்பவர் பெயரும் தேதியும் ஒரு பதிவேட்டில் ஏறட்டும். துடைத்துத் திருப்பிக் கொடுப்பது விதியாகட்டும். ரெஞ்சுகளை ஒற்றையாகக் கொடுக்காமல் எப்போதும் ஜோடியாகவே கொடுப்பது என்ற விதியையும் சேர்த்துக்கொள்வது மிகவும் அவசியம். அடுத்த கோடையில் கால்வாய் அடைபடுவதற்கு முன்பே, ஒரு விடுமுறை நாளில் அனுபவமுள்ள குழாய் வேலைக்காரர் ஒருவரை அழைத்து, இளைஞர்களுக்கும் பெண்களுக்கும் அரை நாள் பயிற்சி அளிப்பதும் பெரிய காரியமன்று.

கப்ளிங் என்பது விரலளவு இரும்புதான். இரு குழாய்களையும் ஒன்றாக வைத்திருப்பது அதுவே. அதை அளவோடு இறுக்கத் தெரிந்தவரின் வயலுக்கும் சாயத்தொட்டிக்கும் நீர் தடையின்றி வரும். அவர் கையும் மறுநாள் வேலைக்கு உதவும். அடுத்த பொதுக்குழுவில் இக்கருவித் தொகுப்பைப் பற்றி ஒரு தீர்மானம் கொண்டுவருமாறு அங்கத்தினர்களை வேண்டிக்கொள்கிறோம்.