எய்ம்ஸ் வரிசை எங்கே தொடங்குகிறது?

புது தில்லி: தில்லி எய்ம்ஸ் மருத்துவமனையில் அறுவை சிகிச்சைக்காக பிகார், உத்தரப் பிரதேசம் உள்ளிட்ட மாநிலங்களின் நோயாளிகள் மாதக்கணக்கில், சிலர் ஆண்டுக்கணக்கிலும் காத்திருக்கின்றனர். 1956-ல் தொடங்கப்பட்ட அந்த மருத்துவமனையின் இடப்பற்றாக்குறை மட்டுமே இதற்குக் காரணமல்ல.

சமவெளிப் பகுதிகளில் 1,20,000 பேருக்கும், மலை மற்றும் பழங்குடியினர் பகுதிகளில் 80,000 பேருக்கும் ஒரு சமூக சுகாதார நிலையம் இருக்க வேண்டும் என்பது மத்திய அரசின் விதிமுறை. அறுவை சிகிச்சை, பொது மருத்துவம், மகப்பேறு, குழந்தைகள் நலம் ஆகிய நான்கு துறைகளின் நிபுணர்களும் அங்கு பணியில் இருக்க வேண்டும். ஆனால், மத்திய சுகாதார அமைச்சகத்தின் 2021-22 புள்ளிவிவரப்படி, ஊரக நிலையங்களுக்குத் தேவையான நிபுணர்களில் 79.5 சதவீதம் பேர் இல்லை. அறுவை சிகிச்சை நிபுணர்களில் பற்றாக்குறை 83.2 சதவீதம். குடலிறக்கம், பித்தப்பைக் கல் போன்ற வழக்கமான சிகிச்சைகளுக்குக்கூட கிராமத்தினர் தலைநகருக்கு ரயில் ஏற இதுவும் முக்கியக் காரணம்.

வெளிநோயாளிகள் கைப்பேசியில் கியூஆர் குறியீட்டை ஸ்கேன் செய்து பதிவு செய்யும் முறை 2022 அக்டோபரில் தில்லி லேடி ஹார்டிங் மருத்துவக் கல்லூரியில் அறிமுகமானது. பயனுள்ள ஏற்பாடுதான், எனினும், அது குறைப்பது சீட்டு வாங்கும் நேரத்தை மட்டுமே. அறுவை சிகிச்சைக்கான தேதி அதனால் முன்கூட்டியே கிடைத்துவிடாது.