கூட வேலை செய்பவரின் பழைய கேசட்: என்ன விலை சொல்லலாம்?

உங்களுக்குத் தெரியுமா?

"வீட்டுல பழைய டிவி கேம் ஒன்னு கெடக்குண்ணே, கேசட்டும் இருக்கு. பாத்து ஒரு வெல சொல்லுங்க." மொனராகலையில் கூட வேலை செய்யும் தம்பி இப்படிக் கேட்டால் உடனே ஒரு தொகையைச் சொல்லிவிடாதீர்கள். குறைத்துச் சொன்னால் நாளைக்கும் அவர் முகத்தில்தான் விழிக்க வேண்டும். கூட்டிச் சொன்னால் வீட்டில் பதில் சொல்ல வேண்டும்.

பற்களை எண்ணுங்கள்

நிண்டெண்டோவின் ஃபாமிகொம் பெட்டி ஜப்பானில் 1983 ஜூலை 15 அன்று 14,800 யென்னுக்கு வெளிவந்தது. இங்கே ரூபவாஹினி தொடங்கி அப்போது ஒன்றரை வருடம்கூட ஆகவில்லை. பிற்பாடு தெற்காசிய வீடுகளுக்கு வந்த டிவி கேம்களில் பெரும்பாலானவை அந்த அசல் பெட்டி அல்ல. தைவானிலும் சீனாவிலும் செய்த நகல்கள். தைவானின் மைக்ரோ ஜீனியஸ் அவற்றில் பேர்பெற்றது. கேசட்டின் அடியில் தெரியும் உலோகப் பற்களை எண்ணினால் பாதி விஷயம் தெரிந்துவிடும். 60 இருந்தால் ஜப்பானிய வகை, நகல்களும் பெரும்பாலும் இதே வகைதான். 72 இருந்தால் அமெரிக்க, ஐரோப்பிய வகை. ஒன்றின் கேசட் மற்றதில் நேரடியாகப் போகாது. வெளிநாட்டுச் சேகரிப்பாளர்கள் அள்ளிக் கொடுப்பது பெரும்பாலும் அசலுக்கு. நகலுக்கு, விளையாடிப் பார்க்கிற சந்தோஷத்துக்கு என்ன விலையோ அதுதான் விலை.

கேசட்டில் 9999999 கேம்!

மேலட்டையில் அப்படித்தான் போட்டிருக்கும். உள்ளே வேறுவேறு ஆட்டங்கள் ஒரு கை விரல்களுக்குள் அடங்கிவிடுவதும் உண்டு. மிச்சமெல்லாம் அதே மரியோ, அதே கொன்ட்ரா. ஒன்று மூன்றாம் கட்டத்தில் தொடங்கும், இன்னொன்றில் உயிர் கூடுதலாக இருக்கும். பட்டியலை ஓடவிட்டு, உண்மையில் வேறுபட்டவை எத்தனை என்று இருவருமாக எண்ணுங்கள். சிரிப்பும் வரும், விலையும் தானாக இறங்கும்.

இருபது லட்சம் டொலர் மரியோ

2021 ஜூலையில் 'சூப்பர் மரியோ 64' கேசட் ஒன்று அமெரிக்க ஏலத்தில் 15 லட்சத்து 60 ஆயிரம் டொலருக்குப் போனது. அடுத்த மாதமே 'சூப்பர் மரியோ பிரதர்ஸ்' ஒன்று 20 லட்சம் டொலருக்குக் கைமாறியது. இரண்டும் கடையில் வைத்த உறை பிரிக்காதவை. ஒருவரும் விளையாடாதவை. இந்தச் செய்தியை விற்பவரின் மகன் கைபேசியில் எடுத்து நீட்டுவான், தயாராக இருங்கள். உண்மையிலேயே அரிதானது என்றால் 1990ஆம் ஆண்டு நிண்டெண்டோ உலகப் போட்டிக் கேசட்தான்: சாம்பல் நிறத்தில் 90, பொன் நிறத்தில் 26. பசறையில் யார் வீட்டுப் பரணிலும் அது இருக்க வாய்ப்பில்லை.

கேட்ட விலையும் போன விலையும்

இக்மன் போன்ற தளங்களில் நாம் காண்பது கேட்கும் விலை. யாரோ ஒருவர் ஆசைப்பட்டுப் போட்ட தொகை அது. ஈபேயில் "விற்றவை" மட்டும் என்று வடிகட்டிப் பார்த்தால்தான் யாராவது பணம் கொடுத்தார்களா என்பது தெரியும். பிரைஸ்சார்ட்டிங் என்ற தளம் வெறும் கேசட், பெட்டி புத்தகத்தோடு முழுசாக, புதிது என மூன்று விலைகளைத் தனித்தனியே காட்டுகிறது. தூசி தட்டி எடுத்த வெறும் கேசட்டுக்கு முழுப் பெட்டியின் விலையைச் சொல்வதும், முழுப் பெட்டிக்கு வெறும் கேசட்டின் விலையைக் கொடுப்பதும் இந்த வியாபாரத்தில் அடிக்கடி நடப்பவை. முதலாவது பெரும்பாலும் அறியாமை. இரண்டாவது பெரும்பாலும் அறியாமை இல்லை.

டொலர் விலையை அப்படியே ரூபாவாக்குவதிலும் சிக்கல் இருக்கிறது. 2022 மார்ச் தொடக்கத்தில் 200 ரூபா அளவில் இருந்த டொலர், மே மாதத்தில் 360 ரூபாவைத் தொட்டது. விற்பவர் மனதில் அன்று வாங்கிய ரூபா இருக்கும். வாங்குபவர் கைபேசியில் இன்றைய டொலர் இருக்கும். இரண்டையும் ஓரமாக வைத்துவிட்டு, இந்த ஊரில் இதை இன்றைக்கு வேறு யார், எவ்வளவுக்கு எடுப்பார் என்று கேட்பதுதான் உதவும்.

ஊதாதீர்கள்

கேசட் ஓடாவிட்டால் உள்ளே ஊதுவது நம் எல்லாருக்கும் கைவந்த வைத்தியம். நிண்டெண்டோவே அதைச் செய்ய வேண்டாம் என்கிறது, வாயின் ஈரம் பற்களை அரிக்கும். பஞ்சுக் குச்சியில் ஐசோபுரொப்பைல் அல்ககோல் தொட்டுத் துடைத்தால் போதும். றப்பர் தோட்டத்து ஈரக் காற்றில் வருடக்கணக்காகக் கிடந்த கேசட் முதல் தடவையிலேயே ஓடாதது அதிசயமில்லை. ஓடவில்லை என்று விலையைப் பாதியாக்கிவிட்டு, வீட்டுக்குப் போய்த் துடைத்து ஓட்டுவது கெட்டித்தனமாகத் தோன்றலாம். எனக்கு அது திருட்டுக்குப் பக்கத்து வீடு. அவர் முன்னாலேயே துடைத்துப் பாருங்கள்.

உள்ளே ஒரு பற்றரி

'செல்டா', 'பொக்கெமொன்' போன்ற கேசட்டுகளுக்குள் பொத்தான் பற்றரி ஒன்று ஈயம் பற்ற வைக்கப்பட்டிருக்கும். விட்ட இடத்திலிருந்து ஆட்டத்தைத் தொடர முடிவது அதனால்தான். பதினைந்து இருபது வருடத்தில் அது செத்துவிடும். 'பொக்கெமொன் கோல்ட்', 'சில்வர்' கேசட்டுகளில் கடிகாரமும் ஓடுவதால் இன்னும் சீக்கிரம். டிவி பழுதுபார்ப்பவர் மாற்றிக் கொடுப்பார், பெரிய செலவில்லை. ஆனால் பழைய பற்றரியைக் கழற்றும்போது சேமித்த ஆட்டம் பெரும்பாலும் அழிந்துபோகும். அது விற்பவரின் தம்பி பள்ளிக்கூட நாட்களில் ஆடிவைத்ததாக இருக்கலாம். கழற்றுவதற்கு முன் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள்.

வாத்துச் சுடும் துப்பாக்கி

டிவி கேம் துப்பாக்கியின் விசையை இழுத்ததும் திரை ஒரு கணம் கறுத்து, வாத்து இருந்த இடத்தில் வெள்ளைக் கட்டம் மின்னும். துப்பாக்கிக்குள் இருக்கும் ஒளியுணரி அதைப் பார்த்தால் வாத்து விழும். பின்பக்கம் புடைத்த பழைய டிவியில் இது அந்த நொடியே நடக்கும். தட்டை டிவியில் படம் சற்றே பிந்தி வருவதால் எத்தனை தடவை சுட்டாலும் வாத்து பறந்துகொண்டே இருக்கும். பழைய டிவியைப் போத்தல் பேப்பர்காரரிடம் கொடுத்தாயிற்று என்றால் துப்பாக்கி வெறும் அலங்காரம்.

ஜப்பானிலிருந்து வந்த பெட்டியா?

அதன் மின்மாற்றி 100 வோல்ட்டுக்கானது. நம் சுவரில் இருப்பது 230. சோதித்துப் பார்க்கிறேன் என்று நேரே செருகினால் புகைதான் மிஞ்சும்.

கறுப்பு அடிப்பக்கம்

முதல் பிளேஸ்டேஷனின் அசல் இறுவட்டுக்கு அடிப்பக்கம் கறுப்பு. வெள்ளியாக மின்னுவதும், மேலே பேனாவால் பெயர் எழுதியதும் கொப்பி. சிப் போட்ட பெட்டியில் அவை நன்றாகவே ஓடும். ஆனால் ஒரு பை நிறையக் கொப்பி இருந்தாலும் சேகரிப்பு விலை கிடையாது. கீறலையும் இருபுறமும் பாருங்கள். முதல் பிளேஸ்டேஷனின் வட்டுகள் சீடி வகை. தரவு இருக்கும் படலம் படம் அச்சிட்ட பக்கத்துக்குத்தான் நெருக்கம், அங்கே விழும் ஆழமான கீறலுக்கு மருந்து இல்லை.

கோப்பைக்கு இரண்டு விலை

டேனியல் கானமன், ஜாக் நெட்ச், ரிச்சர்ட் தேலர் ஆகிய மூவரும் 1990இல் வெளியிட்ட ஆய்வு ஒன்றில், சிலருக்குச் சாதாரணக் கோப்பை ஒன்றைக் கொடுத்துவிட்டு எவ்வளவுக்கு விற்பீர்கள் என்று கேட்டார்கள். நடுத்தரமாக வந்த விடை 7.12 டொலர். கோப்பை கிடைக்காதவர்கள் வாங்கத் தயாரான விலை 2.87 டொலர். கையில் வந்து சில நிமிடமான கோப்பைக்கே இப்படியென்றால், இருபது வருடம் அலுமாரியில் வைத்திருந்த கேம்பாய்க்கு எப்படி இருக்கும்? அவர் கூட்டிச் சொல்வதைப் பேராசை என்று எடுத்துக்கொள்ள வேண்டாம்.

துண்டுக்குள் விரல்

தமிழ்நாட்டு மாட்டுச் சந்தைகளில் தரகர்கள் துண்டைப் போர்த்தி, அதற்குள் விரலைப் பிடித்து விலை பேசுவார்கள். சுற்றி நிற்பவர்களுக்குத் தொகை தெரியாது. கந்தோரிலும் அது நல்ல வழக்கம். தேநீர் நேரத்தில் பத்துப்பேர் முன்னால் விலை பேசினால் ஒருவர் "ஐயோ, இவ்வளவுக்கா!" என்பார், இன்னொருவர் "கொடுத்துட்டியா!" என்பார். வியாபாரம் அத்தோடு சரி.

சரி, எவ்வளவு?

பழைய கேம் வாங்கி விற்கும் கடைகள், தாங்கள் விற்கும் விலையில் ஏறக்குறையப் பாதியைத்தான் விற்பவருக்குக் கொடுக்கும். வாடகை, பழுது, விற்காமல் தேங்குவது எல்லாம் அந்த மிச்சப் பாதியில்தான். உங்களுக்குக் கடை இல்லை, அவருக்கும் கொழும்புக்குப் போகும் பஸ் செலவு மிச்சம். ஆகவே கடை கொடுக்கும் விலைக்கும் உண்மையில் விற்ற விலைக்கும் நடுவில் நில்லுங்கள். 10,000 ரூபாவுக்குப் போகும் சாமான் என்றால் 7,000, 7,500. கணக்கு எப்படி வந்தது என்று கைபேசியிலேயே காட்டிவிடுங்கள். மொத்தமாக வாங்கும்போது ஒரு கேசட் மட்டும் விலைகூடியது என்று உங்களுக்குத் தெரிந்தால் அதைத் தனியே எடுத்துச் சொல்லுங்கள். மறுபடி விற்கும் எண்ணம் இருந்தால் அதையும் சொல்லுங்கள்.

ஜோர்ஜ் அக்கர்லொஃப் 1970இல் எழுதிய புகழ்பெற்ற கட்டுரை, பாவித்த கார்ச் சந்தையில் விற்பவருக்கு மட்டும் குறை தெரிந்திருந்தால் சந்தையே கெட்டுப்போகும் என்று காட்டியது. 2001இல் அவருக்குப் பொருளாதார நோபல் கிடைத்தது. பழைய கேம் விஷயத்தில் நிலைமை தலைகீழ்: சாமானின் மதிப்பு தெரிந்தவர் வாங்குபவர்தான்.

குப்பைக் குழியிலிருந்து ஏலத்துக்கு

அட்டாரி நிறுவனம் 1982இல் வெளியிட்ட 'ஈ.டி.' கேம் படுதோல்வி. விற்காத கேசட்டுகளை 1983 செப்டெம்பரில் அமெரிக்காவின் அலமகோர்டோ நகரக் குப்பைக் குழியில் கொட்டி மூடினார்கள். 2014 ஏப்ரலில் தோண்டியபோது, 'ஈ.டி.'யும் வேறு கேம்களுமாக ஏறக்குறைய 1,300 கேசட்டுகள் வெளியே வந்தன. நகரசபை அவற்றில் பலவற்றை ஏலம்விட்டு ஒரு லட்சம் டொலருக்கு மேல் சேர்த்தது. நசுங்கி, மண் ஒட்டிய அந்தக் கேசட்டுகளோடு நகரசபையின் அடையாள இலக்கமும் சான்றிதழும் போயின. வாங்கியவர்கள் காசு கொடுத்தது அதற்கும் சேர்த்துத்தான். கூட வேலை செய்யும் தம்பியின் அலுமாரியிலும் அட்டைப்பெட்டி, கையேடு, கடைப் பில் ஏதாவது கிடக்கிறதா என்று, விலை பேசுவதற்கு முன்னால் ஒருமுறை தேடிப் பார்க்கச் சொல்லுங்கள்.